தலைவர் நாற்காலியில் ஜிம்மி வந்த விவரம்

பீடோர் கோயில் தலைவரும், புனிதாவின் அப்பாவும், வருகிற சனிக்கிழமை எனக்கு மாமா ஆகவேண்டியவருமான திரு. பத்துமலை அவர்களுக்கு, ஜெலாப்பாங்கிலிருந்து ஷர்வின் வணக்கம் சொல்லி எழுதுவது.

தாங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் பேப்பர் வாங்கிக் கைப்பட எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் டேவான் மண்டபத்தில் எண்பது பேர் முன்னால் நீங்களே துணியை இழுத்து, நான் ராத்திரியில் எடுத்த கோயில் குடும்பப் படத்தைப் போட்ட அந்தப் பத்தடி பேனரைத் திறந்தீர்கள். மலை இருந்தது, மலைக்கு மேலே பீடோரில் யாருமே பார்த்திராத அளவுக்கு நட்சத்திரம் இருந்தது, கோபுரம் இருந்தது, செயலாளர் அப்பாவு அண்ணன் இருந்தார், பழைய தோட்டத்துக் குடும்பங்கள் அத்தனையும் இருந்தன, நடுவில் சிவப்புத் துணி போட்ட நாற்காலியில் நீங்கள் இருக்கவேண்டிய இடத்தில் உங்கள் வீட்டு நாய் ஜிம்மி படுத்திருந்தது, அதற்குக் கீழே, நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தபடி, 'நடுவில்: நம் தலைவர்' என்று பேனர் கடைக்காரர் தேவன் அண்ணன் தங்க எழுத்தில் அடித்திருந்தார். பின்னால் யாரோ கை தட்டினார்கள். அது நான் இல்லை. "பொண்ணு கேட்டு வந்த பையன் என்னையே வெட்டிட்டான்" என்று மைக்கில் சொன்னீர்கள். சாயங்காலமே அதே தேவன் அண்ணனை அனுப்பி, சனிக்கிழமை பரிசம் கிடையாது என்று சொல்லிவிட்டீர்கள்.

மாமா, நான் வெட்டல. இதை மட்டும் பொறுமையா படிங்க. இருட்டுல ஒரே ஒரு படம் எடுத்தா ரவை கொட்டின மாதிரி புள்ளி புள்ளியா வரும். அதனால அஞ்சு நிமிஷத்துல முப்பத்தொரு படம் எடுத்து ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு இடமா பாக்கும், அந்த இடத்துல பெரும்பாலும் எது இருந்திச்சோ அதை வச்சுக்கும், சும்மா வந்து போனதைத் தூக்கிப் போட்டுடும். ரவை போச்சு, ஈசல் போச்சு, செம்பனை லோரி விளக்கு போச்சு, அதோட நீங்களும் போயிட்டீங்க. நட்சத்திரம்கூடத்தான் நகருது, ஆனா அது எந்தப் பக்கம் போகும்னு ஒரு கணக்கு இருக்கு, அதை நேர் பண்ணிட்டேன். உங்களுக்கு ஒரு கணக்கும் இல்ல. "அங்கிள், அஞ்சே அஞ்சு நிமிஷம் உக்காருங்க"ன்னு மூணு தடவ சொன்னேன். "நான் உக்காந்தா இதெல்லாம் யாருடா பாக்கிறது"ன்னு கேட்டீங்க. கேட்டுட்டு, எல்லாரையும் பாத்து "ஆடாதீங்க, ஆடாதீங்க"ன்னு கத்திக்கிட்டே ஓடினீங்க. அறுபத்துமூணு பேர்ல ஓயாம ஆடின ஒரே ஆள் நீங்கதான் லா. நாற்காலி காலியா இருந்திச்சு, ஜிம்மி ஏறிப் படுத்திச்சு, அஞ்சு நிமிஷமும் அசையல. என் தப்பு ஒண்ணுதான். தொழிற்சாலையில எலக்ட்ரானிக் போர்டுல கீறல் தேடுறதுதான் என் வேலை, அந்தப் பழக்கத்துல நட்சத்திரம் கூர்மையா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு ஆளுங்களைப் பாக்காம கடைக்கு அனுப்பிட்டேன்.

நேத்து முப்பத்தொண்ணையும் தனித்தனியா திறந்து பாத்தேன். எல்லாத்துலயும் இருக்கீங்க. ஒண்ணுல அப்பாவு அண்ணன் வேட்டியை இழுத்து விடுறீங்க. ஒண்ணுல இருளாயி பாட்டி முகத்துக்கு நேரா கொசுவை விரட்டுறீங்க. ஒண்ணுல அழுவுற பிள்ளைக்கு உங்க கைபேசியைக் கொடுத்துட்டு, அடுத்ததுல அதைத் திரும்பிப் புடுங்கப் பாக்கிறீங்க. நாலுல புனிதாவைக் கையைப் புடிச்சு என் கேமராவை விட்டுத் தூரமா அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் விடுறீங்க. அவ நாலு தடவயும் திரும்பி வந்திருக்கா. பேனர்ல அவ கேமரா பக்கமா நிக்கிறது என் வேலை இல்ல மாமா. முப்பத்தொண்ணுல இருபத்திரண்டு தடவ அங்கதான் நின்னிருக்கா. மெஷினே முடிவு பண்ணிடுச்சு.

படத்தை அடுக்க இன்னொரு முறையும் இருக்கு. அதுல வெளிச்சமா இருக்கிறதை எல்லாம் விடாம சேத்துக்கும். நீங்க வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி. போட்டுப் பாத்தேன். முப்பத்தொரு பத்துமலை வந்துட்டீங்க. கோபுரமே சரியா தெரியல. அதை யாருக்கும் காட்டமாட்டேன், இது சத்தியம். சனிக்கிழமை வாரேன், ஜிம்மியைக் கட்டிப் போடுங்க, நீங்க அஞ்சு நிமிஷம் உக்காருங்க, புதுசா எடுத்துத் தாரேன். பரிசத்தை மட்டும் நிறுத்தாதீங்க. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது, எனக்குப் புனிதா வேணும்.

அத்தைக்கும், இருளாயி பாட்டிக்கும், ஓடியாடி வேலை செய்யும் தங்கள் கால்களுக்கும் அம்மன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
ஷர்வின்

பின்குறிப்பு: மேலே எழுதினது எதுவும் இனிமேல் தேவைப்படாது போல இருக்கு. யாருக்கும் காட்டமாட்டேன்னு சொன்ன படத்தைப் புனிதா என் லேப்டாப்புல பாத்து, கோயில் குரூப்புக்கு அனுப்பி, தேவன் அண்ணன் ராத்திரியோட ராத்திரியா அடிச்சு, காலையில கோயில் வாசல்லயே மாட்டிட்டாராம். பிள்ளைங்க உங்களை எண்ணி எண்ணி இருபத்தொன்பதுல நிக்குதாம். மீதி ரெண்டு பேர் தூணுக்குப் பின்னால இருக்கீங்க, சொல்லிடுங்க. நீங்களே வந்து பாத்துட்டு, "இப்ப தெரியுதா, இந்தக் கோயில்ல யார் வேலை செய்யிறதுன்னு?"ன்னு அப்பாவு அண்ணனைக் கேட்டீங்களாம். அத்தை இப்பத்தான் கூப்பிட்டு என் சட்டை அளவு கேட்டாங்க. ரொம்பச் சந்தோஷம் மாமா. படத்தை மாத்தவே வேணாம்னு சொன்னீங்களாம், அப்படியே இருக்கட்டும். ஆனா நான் தொழில் தெரிஞ்சவன், ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. முப்பத்தொரு பேர் இருக்கீங்க, ஒருத்தர்கூட உக்காரல. நாற்காலியில இப்பவும் ஜிம்மிதான்.