ஒரே சுற்றில் முடியும் வேலைகள்

இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று வெள்ளிக்கிழமை மாலையே முடிவு செய்துவிட்டேன். சாதாரண முடிவல்ல. ராஜ்யத்தைத் துறக்கிறவர்கள் எடுக்கிற மாதிரி முடிவு.

நான் நகரப் பேருந்து அலுவலகத்தில் தடம் வகுப்பவன். எந்த வண்டி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்காமல் பறக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. ஊரை நான் நகர்த்துகிறேன். என்னை என் மனைவி நகர்த்துகிறாள். சனிக்கிழமை பாதி வேலை சொல்வாள். மீதிப் பாதிக்கு ஞாயிறு. திங்கட்கிழமை அலுவலக நாற்காலியில் சாயும்போதுதான் எனக்கு விடுமுறையே ஆரம்பிக்கும்.

"வெளிவேலை என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் இப்பவே சொல்லு. நாளைக்கு ஒரே சுத்துல முடிச்சுடறேன்" என்றேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மிக்ஸி கத்துது. உங்க ஷூ வாயைப் பொளந்துட்டு நிக்குது. என் மூக்குக்கண்ணாடி ஒத்தைக் காலோட இருக்கு. திரைச்சீலையைச் சலவைக்குப் போடணும்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா ஒரே நாள்ல ஆகாதுங்க."

"யார்கிட்ட சொல்றே? ஊருக்கே வழி போட்டுக் குடுக்கறவன்கிட்டயா?"

"அதனாலதான் சொல்றேன். உங்க பஸ்ஸுக்குத்தானே தினமும் நான் கால் கடுக்க நிக்கறேன்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் எனக்குக் கையும் ஓடாது, புத்தியும் ஓடாது. வாய் மட்டும் ஓடும்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஒரே ஒரு வேலை மிச்சம் இருந்தாலும் நீ சொல்ற ஓட்டல்ல ராத்திரிச் சாப்பாடு. இல்லேன்னா நாள் பூரா என்னை எழுப்பக் கூடாது. சரியா?"

"சரி" என்றாள் உடனே.

அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக்கொள்ளவே ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தவள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை என் தடம் ஓவியம் போல இருந்தது. சிக்னல் இல்லாத சந்துகளாகப் பார்த்து வட்டமடித்தேன். போன தெருவில் மறுபடி போகவில்லை. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: ஓட்டுகிறவன் இறங்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு கடை வாசலிலும் கார் இஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். அவள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், வெறுங்கையோடு வந்தாள். ஷூவோடு போனாள், வெறுங்கையோடு வந்தாள். கண்ணாடி, திரைச்சீலை, எல்லாம் அப்படியே. வேலை முடிந்ததற்கு வெறுங்கையைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மதியத்துக்குள் வீடு வந்துவிட்டோம். பின்சீட்டைக் காட்டினேன். "பார்த்தியா? வண்டியில ஒண்ணும் மிச்சமில்ல."

"ஆமாங்க, ஒண்ணுமில்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயிலுக்குத்தான் முகத்தைத் திருப்புகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு விடிந்தது. போர்வைக்குள் நான் ஒரு சக்கரவர்த்தி.

"என்னங்க, கிளம்பலையா?"

"எங்கே?"

"மிக்ஸி வாங்கிட்டு வரணுமே."

"அதான் நேத்தே குடுத்தாச்சே!"

"குடுத்தாச்சு. திரும்ப வாங்க வேண்டாமா?"

எழுந்து உட்கார்ந்தேன். "அப்போ ஷூ?"

"அதுவும்."

"கண்ணாடி?"

"சாயங்காலம் வரச் சொன்னாங்க."

"திரைச்சீலை?"

"ஜன்னலைப் பாருங்க."

பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கியபடி என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

போன வண்டி திரும்பி வர வேண்டும். பேருந்துத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. எத்தனையோ புதுப் பையன்களைத் திரும்பும் தடத்தை மறந்ததற்காக நான் திட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு அந்த வட்டத்தைத் துண்டு துண்டாக மறுபடி ஓட்டினேன். மிக்ஸி காலையில், திரைச்சீலை மதியம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து முதுகு மெத்தையில் படும்போது அடுத்த கடைக்கு நேரமாகிவிடும். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, விதியை மீறி நானே இறங்கினேன். ஏறி இறங்கிப் பழைய ஷூவும் நானும் ஒரே நிலைமைக்கு வந்திருந்தோம்.

"ஒரு ஷூவுக்கு ரெண்டு நாளா?" என்று செருப்புக் கடைக்காரரிடம் சீறினேன்.

"நேத்தே கையோட தச்சுக் குடுத்திருப்பேன் சார். அம்மாதான் அவசரமில்ல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போதும்னாங்க."

காருக்குத் திரும்பினேன். அவள் முன்சீட்டில் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். மாலை வெளிச்சத்தில் அவள் கையிலிருந்த பழைய அடுப்புச் சூட்டுத் தழும்பு தெரிந்தது.

"ஓட்டலுக்குப் போகணும்னா நேரா கேட்டிருக்கலாமே?"

"போன வாரம் கேட்டேன். பார்க்கலாம்னீங்க. அதுக்கு முந்தின வாரமும் பார்க்கலாம். அந்தப் பார்க்கலாங்கிற பஸ் இதுவரைக்கும் வந்ததே இல்லைங்க."

சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினேன்.

"உங்களுக்குப் படுக்க ஒரு நாள் வேணும். எனக்கு, யாராவது தட்டு வச்சு, தண்ணி ஊத்தி, வேற என்ன வேணும்மான்னு ஒரு வேளை கேக்கணும். அவ்வளவுதான்."

கண்ணாடிக் கடைக்குத் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டேன். களைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியை வாங்கினோம். கடைக்கு நேர் எதிரே அவள் சொன்ன ஓட்டல். ஜன்னலோர மேஜை, 'முன்பதிவு' அட்டையோடு, எங்களுக்காகவே காத்திருந்தது. அவள் புதுக் காலோடு வந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு அட்டையைக் கவிதை படிப்பது போல நிதானமாகப் படித்தாள். சூப் வந்தது. பரிமாறுகிறவர் தண்ணீர் ஊற்றி, "வேற என்ன வேணும்மா?" என்று கேட்டார். அவள் அந்தக் கேள்வியையே கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். நான் சூப்புக்கு மேலே கண் சொக்கிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது பரிமாறுகிறவர் என்னிடம் பணிவாகக் கேட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதே மேஜைதானே சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "ஆமாங்க, வச்சிருங்க. வெள்ளிக்கிழமை இவர் புதுசா ஒரு திட்டம் போடுவார்."