ஊசி பட்டால் பரவிவிடும்

ஆஸ்பத்திரி வாசலில் சாத்துக்குடிப் பையோடு நிற்கும் ஓர் இனம் உண்டு. நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் என்று நினைத்தீர்களா? இல்லை, வைத்தியம் சொல்ல வருகிறவர்கள்.

தென்காசி விஸ்வநாதன் அந்த இனத்தின் தலைவர். சர்வேயராக நிலம் அளந்து ஓய்வு பெற்றவர், இப்போது அடுத்தவர் உடம்பை அளக்கிறார். உள்ளே நுழைந்ததும் ஸ்கேன் படத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்து, இரண்டு முறை உச்சுக் கொட்டி, தான் வாங்கிப்போன சாத்துக்குடியைத் தானே உரித்துத் தின்றபடி, தவறாமல் ஒன்று சொல்வார்.

"கட்டியில ஊசி குத்திச் சதை எடுக்கணும்பான். சம்மதிச்சிராத. ஊசி பட்டா புத்து பரவிரும்!"

எங்கே படித்தார்? செல்போனில்தான்.

போன வருஷச் சாரலுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அதைச் சொன்னார். பக்கத்தில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்த புளியங்குடி எலுமிச்சை வியாபாரி பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

இந்த ஆடியில் விஸ்வநாதனின் மனைவி சங்கரம்மாளுக்கு மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி இருப்பது தெரியவந்தது. சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் அபர்ணா. சங்கரம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஊசி பட்டா பரவிருமாம். அதான் மூணு மாசமா யார்ட்டயும் சொல்லல."

"எவன் சொன்னான்?" என்று பாய்ந்தார் விஸ்வநாதன்.

"கடையத்து மதினி சொல்லுதா. அவளுக்கு ஒரு புளியங்குடி வியாபாரி சொன்னாராம். அவருக்குக் குற்றாலத்துல எண்ணெய் தேய்க்கையில ஒரு படிச்ச பெரியவர் சொன்னாராம்."

படித்த பெரியவருக்கு வியர்த்தது.

"ஊசியால பரவாதும்மா," என்றார் டாக்டர். "புத்துநோயா இருந்தா, அதுலருந்து செல்லு பிரிஞ்சு, ரத்தத்துலயும் நிணநீர்லயும் போயி நுரையீரல், ஈரல், எலும்புன்னு எங்கயாவது தங்கி வளரும். எங்க போனாலும் அது புறப்பட்ட இடத்து நோய்தான்; ஈரலுக்குப் போனாலும் மார்புப் புத்துதான். நாம தள்ளிப்போடப் போட அதுக்குத்தான் வசதி. யாரும்மா இப்படிச் சொல்லிட்டு அலையுதது?"

மூன்று மாதம். தன் வாயால் போன மூன்று மாதம். விஸ்வநாதன் மெல்லக் கையைத் தூக்கினார்.

"நான்தான் டாக்டர்," என்றார். "புறப்பட்ட இடம் இங்கனதான் இருக்கு."

சங்கரம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஊசிக்குச் சம்மதித்தாள். "நீங்க சொன்னதுதானா? அப்ப பயமில்ல!"

முடிவு வியாழக்கிழமை தெரியும். அதுவரை விஸ்வநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை ஒருவர் பையோடு விசாரிக்க வந்து, "அண்ணாச்சி, ஊசி கீசி போட..." என்று ஆரம்பித்தார்.

"நானும் இப்படித்தான் உளறிட்டு அலைஞ்சேன். பழத்தை உரிச்சுத் தின்னுட்டுப் போங்க."

அதிருக்கட்டும், இன்று சாயங்காலம் நீங்கள் யாரையோ பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னீர்களே, பையில் என்ன, சாத்துக்குடியா?