கொசுப்புகையும் என் மூன்று கடிதங்களும்

எந்த அலுவலகமும் நம் புகாரின்மீது நடவடிக்கை எடுக்காது என்ற நம்பிக்கையில்தான் மனிதன் இத்தனை தைரியமாகப் புகார்க் கடிதம் எழுதுகிறான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

தெலுக் இந்தானில் முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தேன். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எந்தக் கடிதத்தை யாருடைய பார்வைக்கு அனுப்பினால் எந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்று ஈப்போவில் குடியேறிய பிறகு இந்த ஞானத்தைச் செலுத்த ஆள் கிடைக்கவில்லை. (என் மனைவி சரோஜா முதல் வாரத்திலேயே ஒத்துழைக்க மறுத்துவிட்டாள்.)

அப்போது என் மகள் மாலதி இரட்டைப் பிள்ளை வயிற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். பின் வரிசையில் இருவருக்கு டெங்கி. விடுவேனா? கொசுப்புகை அடிக்கக் கேட்டு உரிய அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். பதில் இல்லை. ஒரு நினைவூட்டல். பதில் இல்லை. மூன்றாவதில் ‘மிக அவசரம்’ என்று சிவப்பில் அடிக்கோடிட்டு, நான்கு அதிகாரிகளுக்கு நகல் வைத்தேன். அதற்கும் பதில் இல்லை. வரி கட்டுகிறவனுக்கு ‘கிடைத்தது’ என்று ஒரு வரி எழுதக்கூடவா கை வராது? இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்குள் மாலதிக்கு முப்பதாவது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. இரண்டும் பெண். மூத்தவள் ஒன்றே கால் கிலோ. இளையவள் ஒரு கிலோகூட இல்லை. இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் கம்பியுமாகக் கிடந்தார்கள். கடைசியில் ஒருநாள் டாக்டரம்மா, “நாளைக்கு வீட்டுக்குக் கொண்டு போகலாம்” என்றார். கூடவே ஒரு எச்சரிக்கை: வீட்டில் புகையே கூடாது. சிகரெட், ஊதுவத்தி, சாம்பிராணி எதுவும் ஆகாது. இளையவளின் நுரையீரல் இன்னும் தேறவில்லை. மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், அந்த நிமிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

எனக்கு மறுபடியும் பதவி கிடைத்தது போலாயிற்று. அன்றைக்கே ஒன்பது விதிகள் கொண்ட ஒரு சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாற்பது நாளைக்கு யாரும் வரக்கூடாது. மாப்பிள்ளை கணேசனின் தாயார் பாக்கியம், பக்கத்தில் சிம்பாங் பூலாயில் இருக்கும் என் சம்பந்தியம்மா, அவரும் விதிவிலக்கல்ல என்று தனியாகவே ஒரு பத்தி. சரோஜாவின் சாம்பிராணித் தூபக்காலைப் பறிமுதல் செய்தேன்.

“பச்சப்புள்ளைங்க வாசல்ல வரப்ப ஆரத்தியில ஒரு சூடம்கூட ஏத்தக் கூடாதாங்க?”

“புகை, புகைதான்.”

பக்கத்து வீட்டுச் சீனரிடம் போய், வாசல் சாமிக்கு ஊதுவத்தி கொளுத்துவதை நிறுத்தச் சொன்னேன். நல்ல மனிதர், சாமியைப் பின்கட்டுக்கே மாற்றிவிட்டார்.

மறுநாள் மதியமே குழந்தைகளோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் தாளில் எங்கள் அஞ்சல் குறியீட்டில் ஓர் எண் பிசகியிருந்தது. திருத்தி வேறு தாள் அச்சடித்துக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று நான் நின்றேன்.

“அங்கிள், பேனாவுல திருத்திக் குடுத்துடுறேன்லா” என்றார் மிஸ்ஸி (எங்களூரில் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்).

“தாதிமார் திருத்த அதிகாரமில்லை. கையொப்பமிட்டவர்தான் திருத்த வேண்டும்.”

கையொப்பமிட்ட டாக்டர் அறுவை அறையில் இருந்தார். இரண்டரை மணி நேரம் போயிற்று. மாலதி என்னைப் பார்த்த பார்வையை நான் கோப்பில் ஏற்றவில்லை.

சரியாகத் திருத்திய தாளோடு, நான் என் காரில் முன்னால் பறந்தேன். மாப்பிள்ளை பின்னால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தார் (விதி ஏழு). வீட்டு வாசலில் இறங்குகிறேன், தெருக்கோடியில் மோட்டார் சைக்கிள் பழுதானது போல ஒரு படபடப்பு. அடுத்து வெள்ளை மலை ஒன்று எழுந்து தெருவை விழுங்கிக்கொண்டு வந்தது. நடுவில் முகமூடி போட்ட நால்வர், தோளில் புகை இயந்திரம்.

நான் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தெரு நடுவே நின்றேன். “நிறுத்து! யார் உத்தரவு இது? உங்கள் மேலதிகாரி யார்?”

மேற்பார்வையாளர் நம்மவர்தான். முகமூடியை இறக்கினார். “என்னாண்ணே, ரெண்டு நாளு முன்னாடியே எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலயும் நோட்டீஸ் போட்டுட்டோம்லா. பாக்கலையா?”

(பார்க்கவில்லை. மற்றவர்கள் அறிவிப்பைப் படிப்பதில்லை என்று ஆயுள் முழுக்கத் திட்டியவன் நான்.)

“எழுத்தில் காட்டு! எந்த மடையன் கேட்டான்?”

அவர் கோப்பைத் திறந்தார். சிவப்பு அடிக்கோடு எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. மனிதர் விடவில்லை, பெயர், வீட்டு எண், ‘இனியும் தாமதிப்பது மனிதத்தன்மையற்ற செயல்’ என்று நான் மலாய் மொழியில் செதுக்கிய வாக்கியம், எல்லாவற்றையும் தெருவே கேட்க வாசித்தார். பின்கட்டிலிருந்து வந்து நின்ற சீனர் என்னையும் புகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குள் கைப்பேசி அலறியது, மாப்பிள்ளை. “மாமா, ரோடு வாயிலயே பொகைலா! கண்ணாடி ஏத்துறதுக்குள்ள கொஞ்சம் உள்ள வந்துருச்சு. சின்னவ தும்முறா. நான் ரிவர்ஸ் எடுத்து அம்மா வீட்டுக்குப் போறேன்.” பின்னணியில் மாலதியின் அழுகை. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

சரோஜாவை ஏற்றிக்கொண்டு நானும் சிம்பாங் பூலாய்க்கு ஓடினேன். அவளை உள்ளே விட்ட சம்பந்தியம்மா, எனக்கு மட்டும் கேட்டைத் திறக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மேல அந்தப் பொகையோட மண்ணெண்ண நாத்தம் அடிக்குது. அங்கனயே நில்லுங்க.”

“குழந்தைக்கு எப்படியிருக்கு?”

“மிஸ்ஸிக்குப் போன் போட்டாச்சு. மூச்ச எண்ணச் சொல்லிருக்காங்க.”

சன்னல் வழியே தெரிந்தது. சம்பந்தியம்மா அந்தச் சின்ன நெஞ்சின்மேல் இரண்டு விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறார். ஒரு நிமிடம் எண்ணுவார், மிஸ்ஸியிடம் போனில் சொல்வார், மறுபடி எண்ணுவார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். யாருக்கு மனுப் போடுவது என்று எனக்குத் தெரியாமல் போனது அன்று ஒருநாள்தான்.

“ஒண்ணுமில்லண்ணே, நல்லாருக்கா! பால் குடிக்கிறா!”

மறுநாள் டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். ஆனால் மாலதி எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நாற்பது நாளும் மாமியார் வீட்டில்தான். நான் தினமும் குளித்துவிட்டுப் போய், சன்னலுக்கு வெளியே நின்று பேத்திகளைப் பார்த்து வந்தேன். அந்த அலுவலகத்துக்கும் நான்காவது கடிதம் போட்டேன்: மூன்று மாதம் தாமதித்தவர்கள் இன்னும் ஒருநாள் தாமதிக்கக் கூடாதா என்று. பதில் இல்லை.

பேத்திகளுக்கு இப்போது ஐந்து வயது. எங்கள் குடும்பத்தில் வேண்டாத நேரத்தில் எது நடந்தாலும், கரண்ட் போனாலும் விருந்தாளி வந்தாலும், “அப்பா லெட்டர் போட்டாரா?” என்பதுதான் முதல் கேள்வி. போன மாதம் பிறந்தநாளன்று தோட்டத்துக் கூடாரத்தில் கேக் வெட்டப் போகும்போது மழை கொட்டியது. இளையவள், நுரையீரல் முழுக்க மூச்சிழுத்து, தெருவுக்கே கேட்கும்படிக் கத்தினாள்: “தாத்தா! மழைக்கும் நீங்கதான் லெட்டர் போட்டீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். முப்பத்து மூன்று ஆண்டுச் சேவையில் என் கடிதத்துக்கு அவ்வளவு சக்தி உண்டென்று வேறு யாரும் நம்பியதில்லை.