போர்வை போர்த்திய புறாக்கூண்டு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். என் பெண்டாட்டி நினிங் அடுப்படியில் இருக்கிறாள். அவளுக்குப் பாம்புக் காது. இதை மெதுவாகத்தான் சொல்ல முடியும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் மகள் லிலிஸைக் கேட்டு நிச்சயம் பண்ண, பலெம்பாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் போகோர் வீட்டுக்கு வருகிறார்கள். விடியும்போதே நான் ஒரு சபதம் எடுத்துவிட்டேன். சேவை மேல் தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றித் தரும் லக்சாவில், இன்றைக்கு என் வீட்டில் கொதிக்கப்போவது ஒன்றே ஒன்று. அது என் ஊர் தாங்கராங் லக்சா. போகோர் லக்சாவுக்கு இந்த வீட்டில் இடமில்லை.

வீடு மாமனார் வீடு. அது வேறு விஷயம்.

சபதத்துக்குக் காரணம் என் வாய்தான். போன மாதம் மாப்பிள்ளையின் அப்பா சைனுரியைப் பார்த்தபோது சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டு லக்சாவை ஒரு வாய் குடிங்க, உங்க ஊரையே மறந்துடுவீங்க. எங்க அம்மா கைப்பக்குவம்" என்று அளந்துவிட்டேன். பலெம்பாங்கில் மீன்மாவு உருண்டையைச் சீவிப் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றி லக்சான் என்பார்கள். அதிலேயே வளர்ந்த மனிதர். "மீன் இல்லாத லக்சாவா? வந்து பார்க்கறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றிலிருந்து என் தூக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

லிலிஸ் பிறந்ததிலிருந்து என்னை அபா, அதாவது அப்பா, என்றே கூப்பிடும் நினிங்கிடம் சொன்னேன். அவள் வெங்காயத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"போகோருக்கு வர்றவங்களுக்குப் போகோர் லக்சாதான் அபா. மஞ்சள் குழம்பு, மெல்லிசு சேமியா, வாசனைத் தழை, ஒன்ச்சோம்."

"ஒன்ச்சோமா? கடலைப் பிண்ணாக்குல பூஞ்சை பிடிக்க விட்டு, செங்கல் மாதிரி கட்டி கட்டியா விக்கறானே, அதுவா? சம்பந்தியைக் கூப்பிட்டு மாட்டுத்தீனி போடறதா?"

"தின்னு பார்க்காம பேசாதீங்க."

"இந்த நாக்குல இன்னிக்கு வரைக்கும் ஒன்ச்சோம் பட்டதில்ல. படவும் படாது. எங்க அம்மா லக்சாவைப் பாரு. சுண்டுவிரல் தடிமனுக்கு அரிசிச் சேவை, பாசிப்பயறு, வறுத்த தேங்காய், கரியில வாட்டின கோழி. அதுக்குப் பேரு குழம்பு. உன்னோடது சேறு."

"அப்போ ரெண்டு பானை வைக்கறேன். அவங்க எதை ரெண்டாந்தரம் கேக்கறாங்கன்னு பார்ப்போம்."

"சரி" என்றேன். வாய்தான் சரி என்றது.

அவள் தழை பறிக்கக் கொல்லைக்குப் போனாள். நான் அடுப்படிக் கூடைக்குப் போனேன். வாழையிலையில் கட்டியிருந்த ஒன்ச்சோமை எடுத்தேன். எங்கே ஒளிப்பது? இந்த வீட்டில் நினிங்கின் கை போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். என் புறாக்கூண்டுகள். அவற்றை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது என் சட்டம். வீட்டில் செல்லுபடியாகும் ஒரே சட்டம்.

காலியாக ஒரு கூண்டு கிடந்தது. உள்ளே ஒன்ச்சோமை வைத்தேன். வெளியே தெரியாமல் துணிப்போர்வையை மாட்டினேன். கப்பியில் கயிற்றை இழுத்து, புறாக்களுக்கு வெயில் காட்ட நட்டிருந்த மூங்கில் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினேன். பக்கத்திலேயே, இன்னொரு கம்பத்தில், என் புறா சுல்தான் வழக்கம்போல வெயில் காய்ந்துகொண்டு கூவியது.

வேலிக்கு மேலே ஒரு தலை முளைத்தது. அடுத்த வீட்டு மாங் அடுங்.

"என்ன மிசார் அண்ணே, இன்னிக்கு ரெண்டு கூண்டு ஏறுது?"

"புதுப் புறா."

"கூவவே காணோம்?"

"வெட்கம். வீட்டுல விசேஷம் இல்லையா."

"ஓகோ" என்று தலை இறங்கியது. அந்த ஓகோ எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அபா, ஒன்ச்சோமைப் பார்த்தீங்களா?"

"பூனை தூக்கிட்டுப் போயிருக்கும்."

"வாழையிலையோடயா?"

"இப்போ வர்ற பூனைங்க சுத்தம் பார்க்குதுங்க."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குக் குளிரெடுத்திருக்க வேண்டும். நினிங் கத்தினால் அது மழை. நாற்பது வருஷம் இந்த ஊர் மழையில் வேன் ஓட்டியவனுக்கு மழை என்ன புதுசா? அவள் சும்மா இருந்தால்தான் இடி.

"சரி, போகட்டும். உங்க பானை ஒண்ணே போதும்" என்றாள்.

ஜெயித்துவிட்டேன்! நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன். தொப்பியை நேராக வைத்தேன். விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன்னே நினிங் ஒரு சட்டியை நீட்டினாள்.

"ருசி பாருங்க."

பார்த்தேன். என் முகம் தொங்கிப்போனது. பயறு இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, கோழிகூட இருக்கிறது. ஆனால் குழம்பு, ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கிறது.

"உப்பு போட்டியா?"

"போட்டேன்."

"மிளகாய்?"

"போட்டேன்."

"பின்னே என்னதான் இல்ல இதுல?"

"எப்பவும் போடறது ஒண்ணு இல்ல."

"அதான் என்னன்னு கேக்கறேன்!"

"ஒன்ச்சோம்."

எனக்குக் காதில் ஏதோ ஊதின மாதிரி இருந்தது. "எங்க அம்மா லக்சாவுலயா?"

"உங்க அம்மாவோடதுல இல்ல. நான் வைக்கற உங்க அம்மா லக்சாவுல. எல்லாத் தடவையும்."

"எப்போலேர்ந்து?"

அவள் அடுப்பை ஊதினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "உங்க அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்தீங்களே, அன்னிலேர்ந்து. ரெண்டு நாளா பச்சத்தண்ணி குடிக்கல நீங்க. அத்தை லக்சா வச்சா வாய் திறப்பீங்கன்னு நினைச்சேன். கோழி வாங்க வழியில்ல. குழம்பு கெட்டியா வர ஒன்ச்சோமை வாட்டி, அரைச்சுக் கலந்தேன். நீங்க ஒரு வாய் குடிச்சீங்க. 'அம்மா கை அப்படியே இருக்கு நினிங்'னு அழுதீங்க. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

அந்தக் கிண்ணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைக் குடித்த பிறகுதான் நான் எழுந்து வண்டி ஓட்டப் போனேன். இத்தனை வருஷமும் செத்துப்போன அம்மாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே, எதிரே கரண்டியோடு நின்றவளைப் பார்க்காமல் சாப்பிட்டிருக்கிறேன்.

வெளியே கார் ஹாரன் கேட்டது. வந்துவிட்டார்கள்.

"நினிங்! இப்போ என்ன பண்றது?"

"என்ன வேணும்னு வாயைத் திறந்து கேளுங்க."

"ஒன்ச்சோம்" என்றேன் முனகலாக.

"கேக்கல."

"ஒன்ச்சோம் போடு தாயே!"

வேலிக்கு மேலே தலை முளைத்தது. "அண்ணே, என்ன போடணும்?"

நான் கம்பத்துக்கு ஓடினேன். கூண்டை இறக்கினேன். போர்வையை உருவி, வாழையிலையைப் பிரித்தேன். உள்ளே இரண்டு செங்கல் துண்டு. அசல் செங்கல்.

திரும்பி வந்தேன். நினிங் அடுப்பில் இருந்த பானைகளின் மூடியைத் திறந்து காட்டினாள். இரண்டு பானை. இரண்டிலும் குழம்பு தளதளவென்று கொதித்தது. நான் ருசி பார்த்தது, ஒன்ச்சோம் கலக்குமுன்னே தனியாக எடுத்து வைத்த சட்டி.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"வெயில் காய ஏத்தற கூண்டுக்குப் போர்வை எதுக்கு அபா? இந்தத் தெருவுல எந்தப் புறா கம்பளி போத்திக்கிட்டு வெயில் காயுது?"

விருந்து நடந்தது. நினிங் போகோர்ப் பழக்கப்படி, கிண்ணத்துச் சேவை மேல் குழம்பை ஊற்றி, பானையிலேயே வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி வடித்து, சேவை நன்றாகச் சூடேறிய பிறகுதான் கையில் கொடுத்தாள். என் ஊர் லக்சாவுக்கும் அதே உபசாரம். சைனுரி என் பானையில் குடித்தார். அவள் பானையில் குடித்தார். கிண்ணத்தை மறுபடி என் பானைப் பக்கம் நீட்டினார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க மிசார். எங்க ஊரைக் கொஞ்ச நேரம் மறந்துதான் போனேன். உங்க அம்மாவுக்கு அல்லா சொர்க்கத்தைக் கொடுக்கட்டும்."

என் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அம்மா கை இல்லீங்க. இது நினிங் கை" என்றேன்.

நினிங் தரையைப் பார்த்தாள். காது மடல் சிவந்தது. அந்தச் சிவப்பை நான் கடைசியாகக் கல்யாணமான புதிதில் பார்த்தது.

அப்போது மாப்பிள்ளைப் பையன் ஹஸ்னான் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தான்.

"அத்தை, ஒண்ணு சொல்லட்டுமா? போகோர்ல எல்லாத்துலயும் ஒன்ச்சோம் போடுவாங்களேன்னு பயந்துக்கிட்டே வந்தேன். எனக்கு அது பேரைக் கேட்டாலே ஆகாது. அதான் உங்க பானைப் பக்கமே வரல. மாமா ஊர் லக்சாதான் மூணு கிண்ணம். இந்த நாக்குல இன்னிக்கு வரைக்கும் ஒன்ச்சோம் பட்டதில்ல."

நான் வாயைத் திறந்தேன். பாவம், பையனை எச்சரிக்கலாம் என்றுதான். திறந்த வாயில் நினிங் ஒரு கோழித்துண்டை வைத்தாள்.

"சாப்பிடுங்க அபா."

பிறகு எழுந்து, "லிலிஸ், இங்க வா கண்ணு. மாப்பிள்ளை ஊர் லக்சானுக்கு எதை வாட்டி, அரைச்சுக் கலக்கறதுன்னு காட்டறேன்" என்று மகளை அடுப்படிக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.