மழை லீவுக்குச் சுருதி சேர்த்த பீபரி மாமா

அன்று கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு காபிக் கிளப்பின் மாடியில் இருந்தவர்கள்: பாட வந்த துலி, அவளுக்கு கிடார் வாசிக்கும் ஒரு பெண், டிரம் அடிக்கும் ஒரு பையன், துலியின் அம்மா சாந்தா, ரிட்டயரான ஒரு புரொஃபசர், மீன்கார பாப்பி-தா, டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று வந்து உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த சில இளவட்டங்கள், நான், பீபரி மாமா. கடைசியாக, தனக்கென்று ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஈரிழைத் துண்டு போர்த்தியபடி, பீபரி மாமாவின் காபி அரைக்கும் மிஷின்.

பாட்டுக் கச்சேரிக்கு மிஷின் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் மாமாவைப் பற்றி ஒன்று. ஒரு மனிதனிடமிருந்து அபிப்பிராயத்தைக் கறப்பதில் அவருக்கு இணையாகக் கல்கத்தாவில் ஒருவர் பிறந்ததில்லை. போலீசால் வாங்க முடியாத வாக்குமூலத்தை நூறு கிராம் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாங்கிவிடுவார்.

லேக் மார்க்கெட் சந்தில் அவர் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. இட்லி மாவு விற்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன், கவலைப்படுவதை மட்டும் இன்னும் விடவில்லை. மழை பெய்தால் கடைக்குள் தண்ணீர் வருமே என்று கவலை, வெயில் அடித்தால் மாவு புளிக்குமே என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், ஏன் இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று கவலை. இப்படிப்பட்டவனுக்குப் பக்கத்துக் கடைக்காரராக அவர் வாய்த்தார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பீபரிக் கொட்டையைத் தவிர வேறு காபிக் கொட்டையைத் தொடமாட்டார். அதனால் தமிழர்களுக்குப் பீபரி மாமா, வங்காளிகளுக்குப் பீபரி-தா, அதாவது பீபரி அண்ணா. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கல்கத்தாவுக்கு வந்து தலை நரைத்த பிறகும் பேச்சு மட்டும் ஹௌராவில் ரயிலை விட்டு இறங்கவே இல்லை.

பொடி வாங்க வருகிறவரை அவர் முதலில் விசாரிப்பார்.

“போன வாரம் வாங்கின பொடி எப்படி?”

“நல்லாருந்தது மாமா.”

“நல்லாருந்ததுன்னா என்ன அர்த்தம்? கசப்பு நாக்குல நின்னுதா, தொண்டையில நின்னுதா?”

“ஆபீஸ் அவசரத்துல குடிச்சேன் மாமா. கவனிக்கல.”

“அப்போ மிச்சத்தைக் கவனிச்சுக் குடிச்சிட்டு நாளைக்கு வாங்க. இன்னைக்குப் பொடி கிடையாது.”

ஒரு பேங்க் மேனேஜர் இந்தக் கேள்விக்குப் பயந்து, பாதி வழியில் வீடு திரும்பி, தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பி, ‘கசப்பு எங்கே நின்றது’ என்று கேட்டுக்கொண்டு வந்தார். மரியாதைக்காகச் சொல்லும் பாராட்டுக்கு மாமா ஒரு பெயர் வைத்திருந்தார்: சிக்கரி. கல்யாண வீட்டில் யாராவது “சாப்பாடு பிரமாதம்” என்றால் என் காதில் குனிந்து, “பாதிக்குப் பாதி சிக்கரிவே” என்பார்.

கடையில் இருந்த மிஷின் அவருடைய அப்பா காலத்தது. பெல்ட் போட்டு ஓடுவது. காலையில் சுவிட்சைத் தட்டினால் கட்டிலுக்கு அடியில் டிராம் போவதுபோல் ‘ம்ம்ம்’ என்று ஆரம்பிக்கும். நடுவில் நிறுத்தினால் பெல்ட் கழன்றுகொள்ளும், மறுபடி மாட்டுவதற்கு ஒரு மல்யுத்தம் நடக்கும். அதனால் ஷட்டரை இறக்கும்வரை மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். சந்துக்கு அது பழகிவிட்டது.

துலி எங்கள் கடைகளுக்கு மேல்மாடியில் குடியிருந்தவள். அம்மா தமிழ், அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸ். அப்பா வங்காளி. துலியின் தமிழ் நாலடி நடந்தால் இரண்டடி பெங்காலியின் தோளைப் பிடித்துக்கொள்ளும். அவளும் சிநேகிதர்களும் சேர்ந்து சொந்தமாகப் பாட்டுப் போட்டு ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். பெயர் ‘மழை லீவு’. இங்கே காலையில் மழை கொட்டினால் பள்ளிக்கூடத்தில் லீவு விட்டுவிடுவார்கள். பாதி நனைந்து போய்ச் சேர்ந்த பிள்ளைகள் முழுக்க நனைந்துகொண்டு திரும்பும். ஆல்பம் பூராவும் அந்தச் சந்தோஷம்தான். ஒரு பாட்டிலும் யாரும் அழவில்லை, யாரும் யாரையும் பிரியவில்லை. தொலைந்துபோகும் ஒரு குடைகூடக் கடைசி அடியில் கிடைத்துவிடுகிறது.

வெளியான அன்றே மாமா அதைத் தன் போனில் ஏற்றி, சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தார். அன்றிலிருந்து பொடி வாங்க வருகிறவர்களுக்குக் கேள்வி மாறியது.

“பாட்டு எப்படி? நல்லாருக்குன்னு சொல்லப்படாது.”

ஒரு மாமி யோசித்து, “இது ஓடினா தோசை வேகமா வார்க்க வரும்போல இருக்கு” என்றாள். எதிரே மீன் விற்கும் பாப்பி-தா, இந்தப் பாட்டு ஓடும்போது ஜனங்கள் பேரம் பேச மறந்துவிடுகிறார்கள், தினமும் போடுங்கள் என்றான். புரொஃபசருக்கு மட்டும் திருப்தி இல்லை. “எல்லாம் சரி, துக்கம் எங்கே? ஒருத்தராவது ரயிலைத் தவறவிட்டிருக்கலாமே” என்று பெங்காலியில் குறைப்பட்டார். மாமா ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்திருந்து, சாயங்காலம் துலி வரும்போது ஒன்று விடாமல் ஒப்பிப்பார்.

“எல்லாம் சுத்தமான அபிப்பிராயம்ட்டி. சிக்கரி கிடையாது.”

இன்டர்நெட்டில் கதை வேறு. ‘பல்பொடி விளம்பரம் மாதிரி இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினார். ‘இவ்வளவு சந்தோஷம் உடம்புக்கு ஆகாது’ என்று இன்னொருவர். பல பேர் ஒன்றுமே எழுதவில்லை, அதுதான் அவளை அதிகமாகக் குத்தியது. பெங்களூரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. துர்கா பூஜை முடிந்ததும் சேர வேண்டும். சாந்தாம்மா கெட்டவர் இல்லை. “பாட வேண்டாம்னா சொல்றேன்? சம்பளத்தோட பாடுன்னுதானே சொல்றேன்” என்பார். பெங்களூர் போனால் பாட்டு எங்கே போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

துலி ஒருநாள் எங்கள் கடை வாசலில் நின்று முடிவாகச் சொன்னாள். “சனிக்கிழமை பாலிகஞ்ச்ல பாடறோம். மானே, அதாவது, அங்க யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இன்னொரு தடவை பாடுன்னு கேக்கணும். கேக்கலேன்னா நான் பெங்களூர் போயிடறேன்.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மாமா கவலைப்படவில்லை. “சந்து பூரா கேட்டு ரசிச்சிருக்கு. பாலிகஞ்ச் என்ன பெரிய பாலிகஞ்ச்” என்றார்.

வியாழக்கிழமை மிஷினின் பெல்ட் அறுந்தது.

சந்தில் சட்டென்று அமைதி. யார் போய்விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். மாமா மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பிவிட்டு, பொழுது போகட்டும் என்று பாட்டைப் போட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் புளித்த மாவு மாதிரி ஆயிற்று. ஸ்பீக்கரைத் தட்டினார். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏட்டி துலி, கீழ இறங்கி வா. உன் பாட்டை எவனோ கெடுத்துப்புட்டான்.”

துலி அரக்கப் பரக்க ஓடி வந்தாள். “என்னாச்சு மாமா?”

“அடியில ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்குமே, ம்ம்ம்னு, தம்புரா கணக்கா. அதைக் காணோம். பாட்டு அந்தரத்துல தொங்குது.”

“பாட்டுல அப்படி ஒண்ணும் கிடையாதே மாமா.”

“பாட்டு வந்த நாள்லேருந்து கேக்கேன், எனக்குத் தெரியாதா? என்னவே மாவு, நீரும் கேட்டீருல்லா?”

நானும் கேட்டிருந்தேன். எனக்கும் ஏதோ குறைவதுபோலத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ என்று சும்மா இருந்தேன்.

துலி மிஷினைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். “மாமா, அது உங்க மிஷின்.”

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “அப்போ குடைப் பாட்டு நடுவுல டக்கு டக்குனு வருமே?”

“பெல்ட்டு.”

“கடைசிப் பாட்டு முடியிறப்போ ஒண்ணு மெதுவா, மெதுவா அடங்குமே. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்டி.”

“அது நீங்க கடை மூட சுவிட்சை ஆஃப் பண்றது மாமா.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பு பாதியில் நின்றது. என் மாவுத் தூக்குகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அப்போ உங்க கடையில நல்லாருக்குன்னு சொன்னவங்க யாருமே என் பாட்டைக் கேக்கல, இல்லியா மாமா?”

மாமா அறுந்த பெல்ட்டை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். அவள் மாடி ஏறிப் போனாள். மறுநாள் புது பெல்ட் மாட்டி மிஷின் ஓடியது, ஆனால் மாமா யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டவுடன் பொடியை மடித்துக் கொடுத்தார். அந்தத் தோசை மாமி பயந்துபோய் என்னிடம் வந்து, “அவருக்கு உடம்புக்கு ஏதாவதா?” என்று விசாரித்தாள்.

சனிக்கிழமை பரணிலிருந்து ஒரு பழைய கைமிஷினை இறக்கினார். இரும்பு, கனம், பக்கவாட்டில் சுற்றும் பிடி. ஷேர் ஆட்டோவில் அதைப் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, டிரைவர் பக்கத்தில் இவர் தொற்றிக்கொண்டார். டிரைவர், அதுவும் ஒரு சவாரிதான் என்று அதற்கும் கட்டணம் கேட்டான். மாமா மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

“இது எதுக்கு மாமா?”

“சாட்சிவே” என்றார்.

துலி முதல் இரண்டு பாட்டுப் பாடினாள். கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிடுவதுபோல நாலு கைதட்டல் விழுந்தது. இளவட்டங்களின் முகத்தில் போன் வெளிச்சம். மூன்றாவதாகக் குடைப் பாட்டை எடுத்தபோது அவள் குரல் இறங்கிவிட்டது. சாந்தாம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். போச்சு, பெங்களூர்தான் என்று நினைத்தேன்.

அப்போது எனக்குப் பக்கத்தில் ‘கர்ர்ர்’ என்றது.

துண்டை எடுத்துவிட்டு, மிஷினை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி மாமா சுற்றிக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. கிளப்பின் மேனேஜர் ஓடி வந்தார். நான் அவரோடு வரவில்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன், ஆனால் மிஷினின் துண்டு என் கையில்தான் இருந்தது.

மாமா எழுந்து, தன் அம்பாசமுத்திரத்துப் பெங்காலியில் சபைக்கு விளக்கம் கொடுத்தார். இதுவரை மிஷின் இல்லாமல் கேட்டீர்கள். இனிமேல் மிஷினோடு கேளுங்கள். முடிந்ததும் ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்ல வேண்டும். நல்லாருக்கு என்று மட்டும் சொல்லக் கூடாது.

மாடியே துலியைப் பார்த்தது. அவள் மைக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“மாமா, கொஞ்சம் மெதுவா சுத்துங்க. குடை தொலையற இடத்துல மட்டும் வேகமா.”

டிரம் பையன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே மிஷினைப் பின்தொடர்ந்தான். குரல் மேலே எழும்பியது. அரைபடுகிற பீபரியின் வாசனை மாடி பூராவும் பரவியது. போன்கள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. குடை கிடைத்ததும் மாமா தன் கடையை மூடுவதுபோல மெதுவாக, மெதுவாக அடக்கினார்.

அப்புறம் விசாரணை. ஒரு பையன், வெளியே மழை பெய்ய, தான் மட்டும் வீட்டுக்குள் இருப்பதுபோல் இருந்தது என்றான். ஒரு பெண், மிஷின் வந்த பிறகு வார்த்தை சரியாகக் காதில் விழவில்லை என்றாள். “இதுல சிக்கரியே இல்லவே” என்று மாமா என்னைப் பார்த்துப் பூரித்தார். புரொஃபசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “இப்போது துக்கம் வந்துவிட்டது. பாவம், அந்த மிஷினுக்கு மூச்சு வாங்குகிறது” என்றார்.

கடைசியாக சாந்தாம்மா முன்னால் போய் நின்றார் மாமா. “நீங்க சொல்லுங்கம்மா.”

சாந்தாம்மா ஜிப்பை மூடினார்.

“மிஷின் இல்லாம இன்னொரு தடவை பாடச் சொல்லுங்க” என்றார். “அந்தச் சத்தத்துல என் பொண்ணு பாடறது எனக்குச் சரியா கேக்கல.”

மாமா திரும்பி வந்து மிஷின்மேல் துண்டைப் போர்த்தினார். துலி இன்னொரு தடவை பாடினாள்.

அவள் பெங்களூர் போகவில்லை. டாலிகஞ்சில் ஒரு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். சம்பளத்தைப் பற்றி சாந்தாம்மா இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், எல்லாக் கச்சேரிக்கும் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு. மாமாதான் போய்விட்டார். கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்கு. அங்கே அவருக்கு இன்ஸ்டன்ட் காபி கொடுப்பதாகக் கேள்வி, நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். பெரிய மிஷினைக் கழற்றுவதற்கு முந்தின நாள் துலி வந்து, அதை ஓடவிட்டு, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனாள். அவளுடைய புது ஆல்பத்தில் கடைசிப் பாட்டுக்கு அடியில் அது ஓடுகிறது. போனில் மாமாவிடம் அபிப்பிராயம் கேட்டேன். “மிஷின் நல்லா பாடியிருக்கு. பொண்ணு கொஞ்சம் அமுக்கி வாசிக்கா” என்றார்.

அந்தப் பாட்டைக் கடையில் போட்டு வைக்கிறேன். நேற்று மாவு வாங்க வந்த ஒரு பெண், “அங்கிள், உங்க ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு. உள்ள ஒரே இரைச்சலா கேக்குது” என்றாள்.

“கோளாறு இல்லம்மா” என்றேன். “அது எங்க மாமா.”