அலை பாய்க்கு வாரிசு தேடிய கதை

இலவசமாக உதவ வந்தவர்களை அதிகம் திட்டியவர் யார் என்று உலக அளவில் போட்டி வைத்தால், முதல் பரிசு ராயபுரம் அலை பாய்க்குத்தான். இரண்டாம் பரிசையும் அவரே பிடுங்கிக்கொள்வார்.

படகுகளின் வயர்லெஸ், ஜிபிஎஸ் கருவிகளை ரிப்பேர் செய்யும் கடை அவருடையது. கடைக்கு மேல்மாடியில் நான் குடியிருக்கிறேன். வானிலைத் தகவலை எடுத்து, "அலை எட்டு அடி, வாடைக் காத்து" என்று மீனவர்களின் போனில் தமிழில் பேசும் ஒரு புரோகிராமை பாய் தானே கற்றுக்கொண்டு எழுதி, ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதும் தள்ளுவதும் பாய் கையில். தள்ளுவதுதான் அதிகம். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் பதில் டைப் அடிப்பது என் வேலை. "இன்னாடா இது, கலீஜா எழுதிக்கீற" என்பது என் கைக்கு வந்ததும் "தங்கள் முயற்சிக்கு நன்றி" ஆகிவிடும்.

இந்த வருடம் சர்க்கரை வியாதி பாயின் கண்ணில் கை வைத்தது. திரையில் எழுத்து தெரியவில்லை. வானிலைத் தகவல் வரும் முறையோ அடுத்த மாதம் மாறப்போகிறது. அதற்குள் வேறு ஆள் பொறுப்பேற்காவிட்டால் புரோகிராம் ஊமையாகிவிடும், கடல் எப்படியிருக்கிறது என்று தெரியாமல் படகுகள் போகும். எனவே அறிவிப்பு கொடுத்தோம்: புரோகிராமைப் பராமரிக்க மெயின்டெய்னர் தேவை, சம்பளம் கிடையாது.

முதலில் வந்த இளைஞர் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தார். தானே சேர்த்த ஒரு பச்சை பட்டனைப் பெருமையாகக் காட்டினார்.

"இது இன்னா நைனா, பச்சையா கீது?"

"அலை கம்மியா இருந்தா 'கடலுக்குப் போகலாம்'னு சொல்லும் சார்."

"போலாம்னு சொல்ல நீ யாரு? போறவன் சொல்லணும். அலை எவ்ளோ, காத்து எவ்ளோ, அத்தோட வாய மூடிக்கணும். டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு."

அடுத்து வந்தவர், மொத்தத்தையும் வேறு மொழியில் புதிதாக எழுதலாம் என்றார். அவருக்கு டீயும் கிடைக்கவில்லை.

வேறு ஆள் யாரும் வரவில்லை. எண்ணூரிலிருந்து ஒரு ஆள் மூன்று வருடமாகக் குற்றம் கண்டுபிடித்து எழுதிக்கொண்டே இருந்தார். "எண்ணூர் முகத்துவாரத்துக்கும் காசிமேட்டுக்கும் ஒரே அலையா? கடலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்ற ரகம். "அந்தப் பேஜாரு புடிச்சவன மட்டும் கூப்ட்றாத" என்று பாய் எச்சரித்திருந்தார். கூப்பிட்டுவிட்டேன்.

ஹெல்மெட்டும் கையுமாக ஒரு பெண் வந்து நின்றார். பெயர் செல்வி, ஊர் முகத்துவாரக்குப்பம், சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை.

"நீயாம்மா அது?"

"நான்தான் பாய். 'முயற்சிக்கு நன்றி'ன்னு எழுதினா திட்டறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா இன்னா?"

நான் சாலையில் போகிற லாரியைப் பார்த்தேன்.

"ஒரு தப்ப வுடாம எப்டிமா புடிக்கிற?"

"எங்க வூட்டுக்காரரு கடல்ல கீறாரு பாய். அது பேசறத தெனம் நாலு வாட்டி கேக்கறேன்."

பாய் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். பிறகு கேட்டார்: "கடலுக்குப் போலாம்னு சொல்ற பச்சை பட்டன் வெப்பியா?"

"வெச்சா எங்க மாமியாரு என்ன வெட்டிப் போட்ரும்."

அங்கேயே பாய் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்.

தகவல் முறை மாறிய அன்று மத்தியானம் பாய் சோறு தின்னவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் பேசியது. எண்ணூருக்கு ஒரு அலை, காசிமேட்டுக்கு வேறு அலை.

"சரியாத்தான் சொல்து" என்றார், சோற்றுத் தட்டை இழுத்துக்கொண்டே.

இப்போது திட்டுவதற்கு என்னை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. எனக்கு மாதவரத்தில் காற்றோட்டமான வீடு ஒன்று அமைந்தது. வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.