கோட்டுக்கு வெளியே ஆடுகிறவர்

கோட்டுக்குள்ளே ஆடுகிறவர்களைப் பற்றி ஊரே பேசும். கோட்டுக்கு வெளியே நின்று ஆடுகிறவர் என்று ஒரு பிறவி உண்டே, அவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பந்தைத் தொட்டே இருக்க மாட்டார். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, சுண்ணாம்புக் கோட்டில் கால் கட்டைவிரலை ஊன்றி, ஆடுகிற பையன்களையெல்லாம் மாப்பிள்ளை, தம்பி என்று முறை வைத்துக் கூப்பிட்டு, அவர்களுக்கு வேர்க்கும் முன்பே தனக்கு வேர்த்துக் கொட்ட நிற்பார். பந்து கூடையில் விழுந்தால், ‘நான் சொன்ன மாதிரியே போட்டான்.’ விழாவிட்டால், ‘நான் சொன்னதைக் கேக்கல.’ இந்த மனிதர் தோற்க வழியுண்டா?

எண்பத்து மூன்றில் தருமபுரியில் கல்லூரிகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தன்று புளி விற்கச் சந்தைக்கு வந்த தீர்த்தகிரி, மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு மைதானத்துக்குள் நுழைந்தார். பக்கத்தில் நின்றவர் வளையல் கடை அப்துல் ஷுக்கூர். அவர் மகன் காசிம்தான் உள்ளூர் அணியின் கேப்டன். கோப்பை வந்தால் அவன் தொடர்ந்து ஆடலாம். வராவிட்டால் பந்தை வைத்துவிட்டுக் கடையில் உட்கார வேண்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் அதுதான் பேச்சு.

முதல் பாதியில் நம் பையன்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கூடையில் போட்டார்கள். இடைவேளைக்குப் பின் வழக்கம்போல இரண்டு அணிகளும் பக்கம் மாறின. தீர்த்தகிரி மாறவில்லை.

“பக்கம் மாத்திட்டாங்கண்ணே. இனி அது அவங்க போடற கூடை” என்றார் அப்துல் ஷுக்கூர்.

“அதெப்படிங்க பாய்? காலையில என் காடு, மத்தியானம் அடுத்தவன் காடாயிருமா?”

“சட்டம் அப்படிங்க.”

“சட்டம் போட்டவன் எவனாச்சும் ஏரு ஓட்டியிருக்கானா?”

கடைசி நிமிடம். இரு பக்கமும் சமம். பந்து காசிம் கையில். எதிராளிகள் இருவர் மறித்துச் சுழல வைத்ததில் அவன் திசை தடுமாறி நின்றான்.

“தொட்டிப் பக்கம்டா மாப்ளே. நம்ம கூடை அங்க இருக்குது” என்றது தீர்த்தகிரியின் குரல். அவ்வளவு உறுதியாகச் சொல்கிறவர் தப்பாகவா சொல்வார்? சந்தை கலைந்து பாதி ஆட்டத்தில் வந்து சேர்ந்த கூட்டமும் ‘தொட்டி, தொட்டி’ என்று பிடித்துக்கொண்டது. காசிம் திரும்பினான், ஓடினான், எகிறிப் போட்டான். அன்று முழுக்க அத்தனை அழகாக ஒரு பந்து விழவில்லை. புள்ளி எதிர் அணிக்கு. விசில் ஊதிவிட்டார்கள். கோப்பை போயிற்று.

தீர்த்தகிரி துண்டை உதறித் தோளில் போட்டார். “பாத்தீங்களா பாய், எவ்வளவு சுத்தமா விழுந்துச்சு. இவங்கதான் வெவரம் தெரியாம அவங்க பக்கம் எழுதிக்கிட்டாங்க.”

அப்துல் ஷுக்கூர் மகனிடம் போனார். “இத்தன வருசமா நான் சொல்றேன், ஒரு நாளு காதுல வாங்குனியா? முன்னப்பின்ன தெரியாத மனுசன் சொன்னதும் ஓடறே. காலையில கடைக்கு வந்துரு.”

காசிம் போனான். அவன் கடை திறக்கும்போது வாசலில் தீர்த்தகிரி. புளி இன்னும் விற்கவில்லை, அதற்கென்ன அவசரம்? வளையல் போட வந்த பாஞ்சாலியிடம் “வெரல இன்னும் மடக்கும்மா” என்றும், காசிமிடம் “அப்படித் தள்ளாதே மாப்ளே, நெளிச்சு ஏத்து” என்றும் சொல்லிக்கொண்டு நின்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் காசிம் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், பெற்றவர் அவனிடம் எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்று இதற்குள் மனசுக்குள்ளே இரண்டு யோசனை சொல்லிவிட்டீர்களே, உங்களை யார் கேட்டார்கள்?